பூக்காத நாளில் வந்த வாடை

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அதன்பிறகு பேனா பிடித்ததெல்லாம் கம்பெனியில் பனியன் பீஸ் எண்ணிக்கை குறிக்கவும் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடவும்தான். நம் வேலம்பாளையம் சபையின் ஆண்டு மலருக்கு வெளிநாடு போனவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அப்படியே என் மனைவி ஸ்டெல்லா பக்கம் தள்ளிவிட்டேன். இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குத் தேர்வாகி வந்தவள் அவள். நான் அவள் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். எழுதுகிற தகுதி அவளுக்குத்தான் உண்டு.

ஆனால் அவள் அக்கா மகள் கல்யாணத்துக்கு நாலு வார லீவில் ஊருக்குப் போய்விட்டாள். போகிற அன்று, பனியைப் பற்றியாவது எதையாவது நீங்களே எழுதிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பனியைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு செடி. அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த அன்றைக்கே ஒரு கடிதம் வந்தது. அதனால் இது நான் நினைத்த கட்டுரையாக வரவில்லை.

இந்த மாதத்தோடு எங்கள் பக்கத்து வீட்டுச் சென்னியப்பண்ணன் இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. அவரைத் தெரிந்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். படித்துவிட்டு என்னைத் திட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

2

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். மூன்று மாடிக் கட்டடம். மாடிக்கு ஒரு வீடு. எங்களுடையது நடுமாடி. கீழ் வீட்டில் டெரிக் என்று ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். முன்பு பஸ் ஓட்டியவர். மேல் வீடு ஆறு மாதமாகக் காலி. ஸ்டெல்லா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் பார்த்து, கறையும் கிழிசலும் உள்ளதை ஒதுக்க வேண்டும். திருப்பூரில் பனியனுக்குச் செய்த செக்கிங் வேலையை இங்கே விரிப்புக்குச் செய்கிறேன். பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. வீட்டு வசதி அலுவலகத்தின் முத்திரை போட்ட உறை. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தேன். கட்டடத்தில் சகிக்க முடியாத வாடை வருவதாகப் புகார் வந்திருக்கிறது. அது எங்கள் வீட்டிலுள்ள செடியிலிருந்து வருவதாகத் தெரிகிறது. வியாழன் காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். செடியை அப்புறப்படுத்தும்படி கேட்கவும் கூடும். இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வரியும் 'தயவுசெய்து' என்று ஆரம்பித்தது. இங்கே அந்தச் சொல் அடிக்கடி வந்தால் கோபமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புகாரில் தப்புச் சொல்ல முடியாது. போன வருடம் பூத்தபோது நாறியது உண்மை. படிக்கட்டில் எலி செத்துக் கிடக்கிறதா என்று தேடினார்கள். டெரிக்தான் மேலே வந்து செடியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தன் பஸ்ஸில் இதைவிட மோசமான ஆட்கள் ஏறியிருக்கிறார்கள் என்றார்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஜன்னலோரம் போய்த் தொட்டியைப் பார்த்தேன். ஐந்து தண்டின் நுனியிலும் ஐந்து மொட்டுக் குலைகள். மிளகு அளவில், கெட்டியாக, மூடிக்கிடந்தன. ஒன்றுகூட விரியவில்லை. மூக்கை வைத்துப் பார்த்தேன். மண் வாசனைதான் வந்தது.

ஆனால் வீட்டில் வாடை இருந்தது. ஐந்தாறு நாளாகவே இருந்தது. செடிதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவிநாசிபாளையத்தில் எங்கள் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யும் யூனிட் ஒன்று இருந்தது. ஒரு நாள் கம்பெனி வேனில் பீஸ் பார்க்கப் போனேன். மதியம் சாப்பிட்டுவிட்டு யூனிட்டுக்குப் பின்னால் கிளுவை வேலியோரம் கை கழுவப் போனபோது ஏதோ செத்து நாறியது. கீரிப்பிள்ளையாக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். வேலியடியில் விரல் மொத்தத்தில், நாலு பட்டையாக, இலையே இல்லாத சாம்பல் பச்சைத் தண்டுகள். ஒரு தண்டின் நுனியில் எலுமிச்சை அளவுக்கு உருண்டையாகப் பூக்கொத்து. பழைய ரத்தத்தின் நிறம். ஒவ்வொரு இதழிலும் பொடிப்பொடியாக மஞ்சள் கீற்று. நெருக்கி நெருக்கிக் கையால் தைத்த மாதிரி இருந்தது. அதன்மேல் ஈ மொய்த்தது.

பனியனில் ஊசி பழுதானால் விழும் கோட்டைத் தேடித் தேடிக் கண் பழகியவன் நான். அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் துணியில் பார்த்ததில்லை. ஒரு தண்டை ஒடித்து, கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி எடுத்துவந்தேன்.

கள்ளிமுளையான் என்று சிலர் புளிபோட்டுத் தின்பது வேறு. இது அதன் சாதியில் மொத்தமானது. இதற்கு என்ன பேர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வளர்ப்பது கஷ்டமில்லை. கைவைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஒடித்த தண்டை உடனே நடக்கூடாது. பத்து நாள் நிழலில் போட்டு, ஒடிந்த வாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் நட வேண்டும். மண்ணில் பாதிக்குமேல் ஆற்று மணலும் செங்கல் பொடியும் இருக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் அடித்தண்டு அழுகும். மேலே பச்சையாகவே நிற்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் விரலால் அழுத்தினால் மட்டும் கொழகொழவென்று உள்ளே போகும். அப்போது தயங்காமல் அழுகலுக்கு மேலே, நல்ல சதை தெரிகிற வரை வெட்டிவிட்டால் பிழைக்கும். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டால் மொத்தமும் போய்விடும்.

இங்கே குளிரில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டேன். வெள்ளைப் பூச்சி வந்தால் ஸ்பிரிட் தொட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைப்பேன். ஆகஸ்ட் கடைசியில் மொட்டு வரும்.

பூத்தால் ஈ வரும். இறைச்சி என்று நம்பிப் பூவுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகும். மறுநாள் பூவுக்குள் நூல் முனை மாதிரி புழு நெளியும். தின்ன ஒன்றும் இருக்காது. அடுத்த நாளே புழு செத்துக் காய்ந்துவிடும்.

4

வேலம்பாளையத்தில் நாங்கள் இருந்தது எட்டு வீடுகள் சேர்ந்த ஒரு லைன். ஸ்டெல்லா அப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கேயே விடுதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மாலையில் போய்விடுவாள். மகள் பிரின்சி அப்போது மாமியார் வீட்டில், திருநெல்வேலிப் பக்கம் இருந்தாள்; பள்ளி லீவுக்கு மட்டும் வருவாள். ஆக வாரத்தில் ஆறு நாள் நான் தனி ஆள்.

கம்பெனியில் எங்களைப் போன்ற செக்கிங் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழுது கண்டால் டெய்லரிடம் போய்ச் சொல்லக்கூடாது. சண்டை வரும். அதற்கென்று சின்னச் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் கொடுப்பார்கள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ, பக்கத்தில் அம்பை ஒட்டித் தனியாகப் போட்டுவிட வேண்டும். வாயைத் திறக்க வேண்டாம். என்னை மாதிரி கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது. பன்னிரண்டு வருடம் அம்பு ஒட்டினேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் சென்னியப்பண்ணன். ஊர் சேவூர். பெஞ்சாதியும் மகனும் அங்கே விவசாயக் காட்டைப் பார்த்துக்கொள்ள, இவர் இங்கே சாயப்பட்டறையில் இருந்தார். மாதம் ஒருமுறை ஊருக்குப் போவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை அன்றைக்கு ஓடிய சாயத்தின் நிறம் ஏறியிருக்கும். ஊதா ஓடினால் ஊதாக் கை, கறுப்பு ஓடினால் கறுப்புக் கை. அந்தக் கையாலேயே எனக்கு டீ ஊற்றித் தருவார்.

செடியை முதலில் பார்த்தபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏனுங்க அருள் தம்பி, இதெல்லாம் எங்க காட்டு வேலியில சும்மா கெடக்குமுங்க. ஆடுகூட மோந்து பாத்துட்டு அந்தப் பக்கம் போயிரும். நீங்க தொட்டி வாங்கி வெச்சிருக்கறீங்க."

முதல் தடவை பூத்தபோது லைனே அல்லோலகல்லோலப்பட்டது. வீட்டுக்காரம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங், உங்க ஊட்டுல சமையலுங்களா, சாவுங்களா?" என்று கேட்டார். நான் தொட்டியைக் காட்டினேன். "இத வளக்கறதுக்கு நீங்க ஒரு எருமையைக் கட்டியிருக்கலாமுங்க. பாலாச்சும் கறக்கும்" என்றார்.

அதிலிருந்து லைனில் எங்கே எது நாறினாலும் என் செடிதான். சாக்கடை அடைத்தாலும் செடி, யாரோ மீன் தலையைப் போட்டுவிட்டாலும் செடி. நானும் மறுத்துச் சொன்னதில்லை.

5

ஆறு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை பூ விரிந்தது. ஞாயிறன்று ஸ்டெல்லாவுக்கு டியூட்டி, அவள் வரவில்லை. திங்கட்கிழமை காலை சென்னியப்பண்ணன் வாசலில் நின்று கூப்பிட்டார். வேலைக்குப் போகாமல் வேட்டியோடு நின்றார். காய்ச்சல் என்றார்.

"தம்பி, அந்தத் தொட்டிய என்ற ஊட்டு வாசல்ல வெச்சுக்கட்டுங்களா? இங்க வெயில் நல்லா உழுகுதுங்க."

இரண்டு வாசலுக்கும் நாலடிதான் தூரம். இரண்டிலும் ஒரே வெயில். ஆனாலும் அவர் கேட்டுவிட்டாரே என்று தூக்கி வைத்தேன். லைனில் இருந்தவர்கள் அவரையும் சேர்த்துக் கேலி செய்தார்கள். அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளிருந்தே பதில் சொன்னார்.

இந்தப் பூ நாலு நாள்தான் தாங்கும். வியாழக்கிழமை காலையில் பார்த்தேன், கொத்து முழுக்கச் சுருங்கிக் கருகிவிட்டது. பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு வெட்டக் குனிந்தேன். அவர் உள்ளிருந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"வேண்டாமுங்க தம்பி. இருக்கட்டும். வெட்டிப் போடாதீங்க."

"வாடிட்டுல்லா அண்ணாச்சி. இனிமே வாசம் வராது" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "வாசம் வருதுங்க. யாராச்சும் கேட்டா, பூ வாசம்னே இருக்கட்டுங்க" என்றார்.

நான் நிமிர்ந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது காலைப் போர்வைக்குள் வைத்திருந்தார். காய்ந்த பூவில் ஒரு ஈ கூட இல்லை. தொட்டியைத் தாண்டி, பாதி சாத்திய கதவுக்கு அடியில் ஈக்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். போர்வையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். சாயப்பட்டறைக்காரர்கள் உப்புத் தண்ணீரிலும் சாயத்திலும் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்பவர்கள். அவர் காலில் விரலிடுக்குப் புண் ஆறாமல் இருந்தது எனக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பதும் தெரியும். அவருடைய அப்பாவின் காலை ஆஸ்பத்திரியில் எடுத்து, அவர் பிறகு வீடு திரும்பாமலே போய்விட்டதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதனால் ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு ஆகாது. இவ்வளவும் தெரிந்த நான், "சரி அண்ணாச்சி" என்று தலையை ஆட்டிவிட்டுக் கம்பெனிக்குப் போனேன்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமையும் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதிக்குப் பெட்டி போக வேண்டிய அவசரம். எத்தனை அம்பு ஒட்டினேன் என்று நினைவில்லை. சனிக்கிழமை மாலை வீட்டுக்காரம்மா என்னை நிறுத்தி, இந்தத் தடவை வாடை போகவே மாட்டேன் என்கிறதே என்று கேட்டார்.

"பூதான்" என்றேன்.

ஞாயிறு காலை ஸ்டெல்லா பஸ்ஸிலிருந்து இறங்கி லைனுக்குள் வந்தாள். எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. வழியிலேயே நின்றாள்.

"என்னங்க இது வாடை?"

"பூ" என்றேன் அவளிடமும்.

"பூவா? புண்ணுலா இது. யாருக்குப் புண்ணு?"

பையைக் கீழே வைத்துவிட்டு நேரே அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கேட்கவேயில்லை. போர்வையை விலக்கினாள். நான் வாசலில் நின்றேன். பாதம் கறுத்திருந்தது. கறுப்புச் சாயம் ஏறியது என்று ஒரு நொடி நினைத்தேன். கணுக்காலுக்கு மேலே தோல் மினுமினுவென்று வீங்கியிருந்தது. அவள் திரும்பி என்னிடம் வண்டி பிடிக்கச் சொன்னாள்.

ஆட்டோவில் ஏற்றும்போது அவர் என் சட்டையைப் பிடித்தார். காய்ச்சலில் கண் சொருகியிருந்தது.

"சொல்லிப்போட்டீங்களா தம்பி" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நான்தான் ஸ்டெல்லாவிடம் சொல்லி அழைத்துவந்தேன் என்று நினைத்துவிட்டார். நான் சொல்லவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வரை எடுத்தார்கள். விஷம் அதற்கு மேலே போய்விட்டிருந்தது. ஐந்தாம் நாள் முடிந்துவிட்டார். மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும், ஆள் இருந்திருப்பார் என்று அங்கே டாக்டர் சொன்னதை ஸ்டெல்லா வந்து என்னிடம் சொன்னாள். அவளுக்கு அந்த மூன்று நாளைப் பற்றித் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

இங்கே கிளம்பியபோது அந்தச் செடியில் ஒரு விரல் நீளம் ஒடித்து, காயவைத்து, காலுறைக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் செடி, விதை ஏதும் உண்டா என்று தாளில் கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன்.

6

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது படிக்கட்டைத் துடைக்கிற பெண் வாளியோடு நின்றிருந்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் பூ இன்னும் திறக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. கீழ் வீட்டுக்காரரே சொன்னார், உங்கள் செடிதான் என்று, அவர்தான் அலுவலகத்துக்கும் போன் செய்தார் என்றார்.

டெரிக் சொன்னாரா என்று திருப்பிக் கேட்டேன். ஆமாம் என்றார். பாவம், அவருக்கே உடம்பு சரியில்லை போலிருக்கிறது, கதவைத் திறக்காமலே பேசினார் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்குக் காதில் ஏறவில்லை. கீழ் வீட்டுக் கதவைப் பார்த்தேன். தபால் போடுகிற ஓட்டையில் காகிதங்கள் துருத்திக்கொண்டு நின்றன. படிக்கட்டு ஜன்னல் கண்ணாடியில் நாலைந்து ஈக்கள் முட்டிக்கொண்டிருந்தன. இந்த ஊரில் ஈ அதிகம் கிடையாது.

பிரின்சியிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது பதிமூன்று வயது. நான் தமிழில் பேசினால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இரண்டும் நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்ளும். போன வருடம் அவளுடைய சிநேகிதி ஒருத்தி வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. செடியை மட்டுமல்ல, என்னையும் சேர்த்துத்தான் அவள் அந்தக் கதவுக்கு வெளியே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

கீழே போய்க் கதவைத் தட்டலாமா என்று கேட்டேன்.

"டாட், இங்க யாரும் அப்படிப் போய்த் தட்ட மாட்டாங்க. அது அவங்க பிரைவசி" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் சொன்னாள், எனக்குப் புரிய வேண்டும் என்று.

போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசினேன். பின்னால் மேளச்சத்தம் கேட்டது. ஸ்டெல்லாவிடம் வாடை எப்படி இருக்கிறது என்று விளக்கப் பார்த்தேன். வாடையைப் போனில் எப்படிச் சொல்வது? பூ என்றால் இப்படி இருக்கும், இது அப்படி இல்லை, கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது என்று ஏதேதோ சொன்னேன்.

"எனக்கு எதுக்குப் போன் பண்ணுதிய? நான் இங்கன இருந்து என்ன செய்ய? மொட்டு விரியலன்னு உங்களுக்குத் தெரியும்லா. அங்க யாருக்கிட்டயாவது சொல்லுங்க" என்றாள். கார்டு தீர்ந்துவிட்டது.

அன்று நான் கீழே போகவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை அதிகாரி எப்படியும் வருவார், அவருக்கே தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

7

புதன்கிழமை சலவைக்கூடத்தில் பெரிய கறை ஒன்று வந்தது. பழுப்பு நிறத்தில், நடுவில் பச்சை ஓடிய கறை. துவைத்தும் போகவில்லை. கண்ணுக்குத் தெரிகிற பழுதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இங்கே அம்பு கிடையாது. மேற்பார்வைக்காரர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒரு மணிக்கே அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து முதலில் தொட்டியைப் பார்த்தேன். மொட்டு பெருத்திருந்தது. விரியவில்லை. மூன்றரை மணிக்குத்தான் துணிந்து கீழே இறங்கி, டெரிக்கின் கதவைத் தட்டினேன்.

மறுபடி தட்டினேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது.

யாரென்று கேட்டார். நான்தான், மாடி வீட்டு அருள் என்றேன். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

நன்றாக இருக்கிறேன், போ என்றார். குரல் வறண்டிருந்தது. நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு மிக அருகிலிருந்து அவர் குரல் வந்தது.

"உன் செடி பூத்துவிட்டது போலிருக்கிறதே" என்றார்.

தபால் ஓட்டை வழியாக ஒரு ஈ வெளியே வந்தது.

மேலே ஓடிவந்து போனை எடுத்தேன். ஆம்புலன்ஸுக்கு மூன்று ஒன்பது என்பது மட்டும் தெரியும். ஒரு பெண் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் நாறுகிறார் என்றுதான் என் வாயில் வந்தது. மூச்சு இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டார். இருக்கிறது, பேசினார் என்றேன். என்ன பேசினார்? நன்றாக இருப்பதாகச் சொன்னார் என்றேன். பிறகு உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார்.

வழக்கமாக அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்துவிடுவேன். வைக்கவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்றேன். என்னிடம் ஒரு செடி இருக்கிறது, அது பூக்கவில்லை, அவர் பூத்துவிட்டது என்கிறார், எனக்கு முன்பே இப்படி ஒருவர் இருந்தார், அவர் இப்போது இல்லை என்று, இலக்கணம் இல்லாமல் கொட்டினேன். காலில் புண்ணாக இருக்கும் என்றேன். முகவரி கேட்டார். எனக்கு இந்த ஊர் எழுத்துகளில் ஏ எது, ஈ எது என்று அவசரத்தில் எப்போதும் குழம்பும். இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு கை போனை வாங்கியது. பிரின்சி எப்போது பள்ளியிலிருந்து வந்தாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. முகவரியைத் தெளிவாகச் சொன்னாள். பிறகு, என் அப்பாவுக்கு இந்த வாடை தெரியும், அவர் சொல்வது சரி என்று இங்கிலீஷில் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் சட்டைக் கையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை. போனில் நான் சொன்ன அந்த ஒருவர் யார் என்று கேட்டாள். சென்னியப்பன் என்றேன். உனக்குக் கை நிறையப் பொரி தருவாரே, உனக்கு நினைவிருக்காது என்றேன். நீல நிறக் கை உள்ளவரா என்று கேட்டாள்.

வந்தவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். கதவருகே குனிந்ததுமே அந்தப் பெண் தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஸ்டெல்லா அன்று லைன் வழியில் நின்று பார்த்த பார்வை. கதவுக்கு வெளியே நின்று வெகுநேரம் தன்மையாகப் பேசினார். கடைசியில் உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். இடது கால் முழங்கால் வரை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. முகம் மெழுகு மாதிரி இருந்தது. போர்வையை முகம் வரை இழுத்துவிடவில்லை. அதை மட்டும் கவனித்துக்கொண்டேன். எங்களைத் தாண்டும்போது டெரிக் என்னைப் பார்த்தார். நீதான் அவர்களைக் கூப்பிட்டாயா என்று கேட்டார். நட்பாகக் கேட்கவில்லை.

"ஆமாம், நான்தான் சொன்னேன்" என்றேன்.

தமிழில் சொல்லிவிட்டேன். பிரின்சி அதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

8

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உறவினர் அல்லாதவர்களுக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். பத்து மணிக்கு வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். செடியருகே குனிந்து இரண்டு தடவை முகர்ந்தார். செடியில் வாடை எதுவும் இல்லை என்று தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மதியம் மூன்று மணிக்கு முதல் பூ விரிந்தது.